ஏழு சொற்கள் கூடுதல்

அடுத்தவர் அழுகையைத் திருத்துவதுதான் என் பிழைப்பு. எம்பிஏ படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நுழைவுத் தேர்வுப் பயிற்சி தரும் சென்டர் ஒன்றில் பன்னிரண்டு வருடமாகக் கட்டுரைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கணக்கையும் தர்க்கத்தையும் மற்றவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். தேர்வு எழுதி மதிப்பெண் வாங்கியபின் கல்லூரிக்கு விண்ணப்பம் போடும்போது கேட்பார்களே, நீங்கள் யார், ஏன் எங்களிடம் வருகிறீர்கள், வாழ்க்கையில் எங்கே விழுந்தீர்கள், எப்படி எழுந்தீர்கள் என்று, அந்தக் கண்றாவி மொத்தமும் என் மேசைக்கு வரும். ஒரே தாத்தாவை மூன்று கல்லூரிகளுக்காக மூன்று வியாதிகளில் சாகடித்த ஆள் ஒருவனை எனக்குத் தெரியும். நான் திட்டவில்லை. மூன்றில் எது நம்பும்படி இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

பிள்ளைகள் எனக்குச் சிவப்பு மை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாய் கொஞ்சம் நீளம் என்றும் சொல்வார்கள், அதிலும் தப்பில்லை. சென்டரை நடத்துகிறவருக்கு பர்சன்டைல் என்று பெயர். பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்று சொன்னால்கூட எத்தனை பர்சன்டைல், அதாவது நூறு பேரில் எத்தனை பேரைத் தாண்டியிருக்கிறது என்று கேட்டுவிடக்கூடிய மனிதர். நல்லவர்தான், சும்மா சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரியில் நான் கிடந்தபோது முதலில் வந்து பார்த்தவர் அவர்தான்.

அந்த ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் இந்தக் கதை நகராது.

என் புருஷன் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் ஷிஃப்ட் இன்சார்ஜ். ஒன்பது வருடமாக அதே ஷிஃப்ட், அதே பசை வாடை. எம்பிஏ முடித்துவிட்டு நேற்று வந்த பொடியன்கள், எந்த இயந்திரத்தில் எந்தத் தாள் மாட்டும் என்று அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆறு மாதத்தில் அவனுக்கே மேலாளராகிப் போனார்கள். அவன் வாயைத் திறக்க மாட்டான். நான்தான் வீட்டில் குதிப்பேன். என் குதி தாங்காமல்தான் ஐந்து வருடத்துக்கு முன்னால் தேர்வுக்குப் பணம் கட்டினான். ஏழு மாதம் படித்தான். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தூணில் ஒட்டி வைத்த தாளைப் பார்த்து வார்த்தைகளை மனப்பாடம் செய்தான். தேர்வு ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. எனக்கு அப்போது இருபத்தோராவது வாரம்.

அவன் கிளம்பிப் போய் ஒரு மணி நேரம் இருக்கும். குளியலறையில் கால் வழியாக ரத்தம் இறங்கியது. ஃபோனை எடுத்து அவனைக் கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது முறையும் கூப்பிட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு கதவு வரைக்கும் வந்து கத்தினேன். கீழ் வீட்டுத் தையல்காரம்மா தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு மேலே ஓடி வந்தார். வண்டியில் அவர் மடியில்தான் தலை வைத்துப் படுத்திருந்தேன். அவர் கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நான் விடவில்லை.

அவன் வந்தபோது மணி ஒன்றே முக்கால். எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை என்று நர்ஸ் சொன்னார். முன்னாடியே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அவன் சட்டைப் பையில், தேர்வு முடிந்த கையோடு அங்கேயே கொடுத்த மதிப்பெண் தாள் நாலாக மடிந்து இருந்தது.

"ஃபோன் லாக்கர்ல இருந்துச்சும்மா" என்றான். அன்றைக்கு அவன் பேசியது அவ்வளவுதான்.

நான் நம்பினேன். நம்பாமல் என்ன? ஃபோனை அணைத்து லாக்கரில் வைத்துப் பூட்டுங்கள், கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றால் அனுப்பிவிடுவார்கள் என்று வருடம் முழுக்கப் பிள்ளைகளிடம் தொண்டை வறளக் கத்துகிறவள் நான். அவனிடமும் அன்று காலை கதவருகே நின்று அதையே சொல்லி அனுப்பினேன்.

மதிப்பெண் அருமையாக வந்திருந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேரைத் தாண்டியிருந்தான். பர்சன்டைல் சார் அதைக் கேட்டுவிட்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்தத் தேர்வின் மதிப்பெண்ணுக்கு ஐந்து வருட ஆயுள். ஐந்து வருடத்துக்குள் எந்தக் கல்லூரிக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அவன் எங்கேயும் அனுப்பவில்லை. முதல் வருடம் நானும் கேட்கவில்லை. இரண்டாம் வருடம் கேட்டேன், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றான். மூன்றாம் வருடமும் அதையே சொன்னான். துக்கத்தில் இருக்கிறான் என்று நினைத்தேன், பிறகு சோம்பேறித்தனம் என்று நினைத்தேன், பிறகு வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்ட ஆரம்பித்தேன். ஐந்தாம் வருடமும் பாதி தாண்டியபோது எனக்குள் ஏதோ பிடித்துக்கொண்டது. அந்த நாளில் எங்களுக்குக் கிடைத்தது அந்த மதிப்பெண் ஒன்றுதான். அதுவும் காலாவதியாகிப் போனால் அந்த நாளில் எங்களுக்கு மிச்சம் எதுவும் இல்லை. என் மகள் போன நாள் ஒன்றுக்கும் ஆகாத நாளாகப் போகக் கூடாது. கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஒன்றுக்காகத்தான் அவனை விண்ணப்பம் போட வைத்தேன், அவன் பதவி உயர்வுக்காக இல்லை.

"எனக்காகப் போடுப்பா. கிடைக்கலைன்னா விட்டுடு" என்றேன்.

நான் கெஞ்சிப் பழக்கமில்லாதவள். அதனால்தான் ஒத்துக்கொண்டான் என்று நினைக்கிறேன்.

வேலை அனுபவம் உள்ளவர்களுக்கான ஒரு வருடப் படிப்பு. இரண்டு கட்டுரைகள். முதலாவது, ஏன் எம்பிஏ. அதை நான் தூக்கத்தில்கூட எழுத வைப்பேன். இரண்டாவதுதான் வில்லங்கம்: 'உங்கள் வாழ்வின் மிகப் பெரிய தோல்வி எது? அதில் உங்கள் பங்கு என்ன? நானூறு சொற்களுக்குள்.'

அவன் எழுதிக்கொண்டு வந்தான். ஆறாயிரம் அட்டைப்பெட்டிகளில் 'இந்தப் பக்கம் மேலே' என்ற அம்புக்குறி கீழ்நோக்கி அச்சாகிப் போன கதை. கண்ணாடிப் பாத்திரக் கம்பெனிக்குப் போன பெட்டிகள். வாங்கியவன் அம்பு சொன்னபடியே எல்லாவற்றையும் தலைகீழாக அடுக்கி வைத்தானாம்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இது ஜோக்குப்பா, தோல்வி இல்ல. இதைப் படிச்சா உனக்கு சீட் தர மாட்டாங்க, டீ வாங்கித் தருவாங்க."

"எனக்கு வேற தோல்வி இல்லையே."

நான் பேனாவை மூடி வைத்தேன். பிள்ளைகளிடம் கேட்கிற அதே குரலில்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன். "அந்த சனிக்கிழமையை எழுதலாமே."

அவன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். "வேண்டாம்" என்றான் அங்கிருந்தே.

"ஏன் வேண்டாம்? ஊர்ல எல்லாரும் இல்லாத பாட்டியைக் கொண்டுவந்து கொன்னு எழுதறாங்க. நாம பட்டதை நாம எழுதறதுல என்ன?"

"அது உன்னோடதும்தானே."

"நான்தானே எழுதச் சொல்றேன்."

இரண்டு நாள் அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை ஷிஃப்டுக்குப் போகும்முன் ஒரு தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனான். தேர்வு எழுதப் போனேன், ஃபோனை லாக்கரில் வைத்தேன், வெளியே வந்தபோது குழந்தை இல்லை. மொத்தம் இதுதான். சாயங்காலம் அவன் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

"இதுல உன் தப்பு எங்க இருக்கு? ஃபோன் லாக்கர்ல இருந்தா யார் என்ன பண்ண முடியும்? இது துரதிர்ஷ்டம். அவங்க துரதிர்ஷ்டத்தைக் கேக்கல. நீ என்ன தப்புப் பண்ணேன்னு கேக்கறாங்க."

அவன் ஒரு கால் செருப்போடு நின்றான்.

"ஒரே ஒரு வரி மாத்து போதும்" என்றேன். "லாக்கர்ல வைக்கறதுக்கு முன்னாடியே ஃபோன் வந்துச்சு. நான்னு தெரிஞ்சும் நீ எடுக்கல. ஆஃப் பண்ணிட்டே. இப்படி வச்சா அப்புறம் கட்டுரை தானா நிக்கும்."

"அப்படி எழுதணுமா?"

"கதைக்குத்தானேப்பா. யாரு வந்து விசாரிக்கப் போறா?"

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு எரிச்சலாக வந்தது. எத்தனையோ பேர் இப்படி நிற்பார்கள், பொய் எழுத மனசு வராமல். நல்லவன் என்று காட்டிக்கொள்கிற ஆசை. அதை எப்படி உடைப்பது என்று எனக்குத் தெரியும்.

"யோசிக்காம எழுது" என்றேன்.

எழுதினான். ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் எழுதினான். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். கொடுத்துவிட்டுப் போகாமல் எதிரிலேயே உட்கார்ந்தான்.

படித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பன்னிரண்டு வருடத்தில் என் மேசைக்கு அப்படி ஒரு கட்டுரை வந்ததில்லை. வரிசையில் அவனுக்கு முன்னால் நான்கு பேர். காவலாளி ஒவ்வொருவர் அடையாள அட்டையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கையில் ஃபோன் அதிர்கிறது. திரையில் அவள் முகம், கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிற படம். காரணம் இல்லாமல் இந்த நேரத்தில் அவள் கூப்பிட மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். ஏழு மாதப் படிப்பை நினைக்கிறான். பெருவிரலால் பொத்தானை அழுத்திப் பிடிக்கிறான். அணைக்கவா என்று ஃபோன் கேட்கிறது. ஆம் என்கிறான்.

"எங்கேருந்துப்பா புடிச்சே இதையெல்லாம்? அந்த 'அணைக்கவா'ன்னு ஃபோன் கேக்கற இடம் இருக்கே, பிரமாதம்" என்றேன். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. என் புருஷனுக்கு எழுத வருகிறது என்று.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு எண்ணினேன். நான் எப்போதும் எண்ணுவேன். நானூற்றேழு வந்தது. ஏழு சொற்கள் கூடுதல். அந்தக் கல்லூரியின் விண்ணப்ப வலைப்பக்கம் நானூற்றோராவது சொல்லை ஏற்காது. எதை வெட்டலாம் என்று மேலிருந்து கீழே பார்த்தேன். கடைசி வாக்கியம் கச்சிதமாக ஏழு சொற்கள்: 'இத்தனை வருடங்களாகியும் இதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.'

"இது மிகை" என்றேன். "அவகிட்ட சொல்லலைன்னா இப்ப ஏன் எங்ககிட்ட சொல்றேன்னு கேப்பாங்க. இதை எடுத்துட்டா சரியா நானூறு."

சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டேன். அவன் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத் தாளை வாங்கி வைத்தான். பிறகு குளிக்கப் போனான். அன்று மத்தியானமே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டோம். மதிப்பெண் சாவதற்கு ஏழு வாரம் பாக்கி இருந்தது.

மூன்று வாரத்தில் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. நான் சென்டரில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். பர்சன்டைல் தானே மாக் இன்டர்வியூ வைப்பதாகச் சொன்னார். மாக் இன்டர்வியூ என்பது நிஜ நேர்காணல் மாதிரியே உட்கார வைத்து உலுக்குவது. எங்கள் சென்டரில் அதற்கு ஒரு விதி உண்டு, நான் வைத்ததுதான். ஆள் கதவைத் திறந்து உள்ளே வந்த நிமிடத்திலிருந்து கதவைச் சாத்திவிட்டு வெளியே போகிற நிமிடம் வரைக்கும் நாங்கள் யாரும் வேஷத்தைக் கலைக்க மாட்டோம். அழுதாலும் கலைக்க மாட்டோம். ஒரு பெண் மயங்கி விழப் பார்த்தாள், அப்போதும் பர்சன்டைல் 'தண்ணீர் வேணுமா' என்றுதான் கேட்டார், 'ஏம்மா என்னாச்சு' என்று கேட்கவில்லை. நிஜத்தில் யாரும் அணைத்துக்கொள்ளப் போவதில்லை, பழகட்டும் என்பது என் கட்சி.

"ஏம்மா, நீ வேணாமே. நானும் கணக்கு வாத்தியாரும் பாத்துக்கறோம்" என்றார் பர்சன்டைல்.

"என்னை விட்டா அவனைக் கிழிக்க ஆள் இல்ல சார்" என்றேன்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு, இரண்டாம் வகுப்பறையில். நீள மேசை, இந்தப் பக்கம் நானும் பர்சன்டைலும், அந்தப் பக்கம் கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி. அவன் கதவைத் தட்டினான், உள்ளே வரலாமா என்று கேட்டான், வந்தான். இஸ்திரி போட்ட நீலச் சட்டை. காலையில் நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

"வணக்கம் சார். வணக்கம் மேடம்."

பர்சன்டைல் வேலையைப் பற்றிக் கேட்டார். நன்றாகச் சொன்னான். ஏன் இந்த வயதில் படிப்பு என்று கேட்டார். அதையும் சொன்னான், நான் சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகவே. பிறகு என் முறை. கட்டுரையை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"நீங்க இதுல உங்க மனைவி ஃபோன் பண்ணதா எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"நம்பற மாதிரி இல்லையே. ஒரு தடவ ஃபோன் வந்ததும் உடனே அணைச்சிட்டீங்களா?"

"இல்ல மேடம். ரெண்டு தடவ முழுசா அடிச்சு நின்னுச்சு. மூணாவது வர்றதுக்குள்ள அணைச்சேன்."

நான் அடுத்த கேள்விக்காகத் தாளைப் பார்த்தேன். எழுத்துகள் தெரிந்தன, படிக்க முடியவில்லை.

முதல் அழைப்பு கடைசி வரை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதுக்குத்தான் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொன்னது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தையல்காரம்மாவிடம் சொல்லவில்லை, அவனிடமும் சொல்லவில்லை. பூட்டின லாக்கருக்குள் மணி அடித்திருக்கும், அப்புறம் பாட்டரி தீர்ந்திருக்கும் என்று நானே ஒரு சமாதானம் செய்துகொண்டு, இத்தனை வருடமாக அதைத் தொடாமல் வைத்திருந்தேன்.

பர்சன்டைல் என் பக்கம் திரும்பினார். நான் கேள்வி கேட்கட்டும் என்று காத்திருக்கிறார். குழந்தை போனது அவருக்குத் தெரியும், ஆனால் ஃபோனை அணைத்தது அவருக்கு நாங்கள் சேர்த்த கதை. எதிரில் அவன் முதுகு நிமிர்ந்து, கைகளை மடியில் வைத்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டு தடவன்னு கட்டுரையில இல்லையே" என்றேன்.

"எழுதல மேடம்."

"உங்க மனைவிக்கு இது தெரியுமா?"

"நேர்ல சொல்லல மேடம். எழுதிக் காட்டினேன். அவங்களுக்குப் புரியல."

அப்போது எழுந்து போயிருக்கலாம். மேசையைச் சுற்றிக்கொண்டு போய் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். ஒரு பால் பாத்திரத்தை மூடாமல் வைத்தால் தெருவுக்கே கேட்கக் கத்துகிறவள் நான். அன்றைக்கு எனக்குக் குரல் வரவில்லை. வந்த ஒரே குரல் பன்னிரண்டு வருடமாகப் பழகிய குரல். அது தன் பாட்டுக்கு அடுத்த கேள்வியைக் கேட்டது.

"இதுலேருந்து நீங்க என்ன கத்துக்கிட்டீங்க?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஒண்ணும் கத்துக்கல மேடம்" என்றான்.

பர்சன்டைல் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். நன்றி, போகலாம் என்று நான்தான் சொன்னேன். அவன் எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளி, இருவருக்கும் வணக்கம் சொல்லி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

"அந்தக் கடைசி பதில் கொஞ்சம் அபாயம்" என்றார் பர்சன்டைல். "ஆனா நடிப்பு இருக்கே, எனக்கே உடம்பு சிலிர்த்துப் போச்சும்மா."

மாடிப்படியில் அவன் எனக்காக உட்கார்ந்திருந்தான். மேலும் கீழும் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு படி மேலே உட்கார்ந்தேன். பக்கத்தில் உட்கார முடியவில்லை.

"அந்தக் கடைசி வரியை நான் வெட்டும்போது ஏன் சும்மா இருந்தே?"

"நீ படிச்சிட்டு நிமிந்து பாப்பேன்னு நெனச்சேன். எதிர்லயே உக்காந்திருந்தேனே. நீ ஏழு வார்த்தை கூடுதல்னு சொன்ன."

ஒரு பையன் வந்து, மேடம் என் கட்டுரை பார்த்துட்டீங்களா என்று கேட்டான். நாளைக்கு வா என்றேன்.

"ஏன் எடுக்கல?" என்றேன் அந்தப் பையன் போனதும்.

"எடுத்தா வந்துடுவேன்னு தெரியும்" என்றான். "நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அப்படியே திரும்பி வந்திருப்பேன். அதனாலதான் எடுக்கல."

அன்பில்லாமல் அணைத்திருந்தால் நான் அவனை அங்கேயே கை கழுவியிருப்பேன். வந்துவிடுவோம் என்று தெரிந்து அணைத்தவனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் சண்டை போடவில்லை. காய் வாங்க வேண்டும், குழாய் ஒழுகுகிறது, சாவி எங்கே என்றெல்லாம் பேசிக்கொண்டோம். நான் அவனிடம் மரியாதையாக நடந்துகொண்டேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அது நடந்ததே இல்லை.

நேர்காணலுக்குப் போய்விட்டு வந்தான். பன்னிரண்டு நிமிடம்தானாம். தொழிற்சாலையில் எத்தனை பேர், தாள் விலை ஏறினால் என்ன செய்வீர்கள், எங்கள் கல்லூரியை யார் சொன்னார்கள். அவ்வளவுதான் கேட்டிருக்கிறார்கள்.

"கட்டுரையைப் பத்திக் கேக்கலையா?"

"கேக்கல. படிச்ச மாதிரியும் தெரியல" என்றான். சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, "கேட்டா யார்கிட்டயாவது ஒரு தடவ ஒழுங்கா சொல்லிடலாம்னு நெனச்சேன்" என்றான்.

சீட் கிடைத்தது. மதிப்பெண் காலாவதியாவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. பர்சன்டைல் சென்டர் வாசலில் அவன் படத்தைப் போட வேண்டும் என்று துடித்தார். நான் வேண்டாம் என்றேன். நான் ஆசைப்பட்டதுதான் நடந்திருக்கிறது. அந்த நாள் வீணாகவில்லை. இனி யாரும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் கடிதத்தைப் படித்தபோது வரிசையில் அவனுக்கு முன்னால் நின்ற நான்கு பேரும், அடையாள அட்டையைப் பார்க்கிற காவலாளியும்தான் எனக்குத் தெரிந்தார்கள்.

சேர்க்கைப் படிவத்தை இருவரும் ஒன்றாக உட்கார்ந்து நிரப்பினோம். மத்தியான வெயில் கம்ப்யூட்டர் திரையில் விழுந்ததால் நான் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது. அந்த இடத்தில் அவன் தட்டச்சு செய்யாமல் நிறுத்தினான். நான் என் எண்ணைச் சொன்னேன், அவனுக்குத் தெரியாத எண் போல. அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனான். தங்குமிடம். கல்யாணமானவர்களுக்குக் கல்லூரி வளாகத்திலேயே சின்ன வீடு உண்டாம். இரண்டு கட்டங்கள் இருந்தன, துணையோடு, தனியாக.

அவன் கையை எடுத்துவிட்டான். "நீ சொல்லு" என்றான்.

"வீடு எப்படி இருக்குமாம்?"

"ஒரு ரூம், ஒரு சமையலறை. கீழ விளையாட்டு இடம் இருக்குன்னு போட்டிருக்கான்."

நான் அந்த வீட்டை யோசித்துப் பார்த்தேன். காலையில் அவன் வகுப்புக்குப் போவான். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து யாருடைய கட்டுரையையாவது திருத்துவேன். திரும்பி வருவான், சாப்பிடுவோம், இதே மரியாதையோடு பேசிக்கொள்வோம். கீழே குழந்தைகள் கத்திக்கொண்டிருக்கும். ஒரு வருடம் கழித்து அவன் மேலாளராகிவிடுவான். நான் அப்போதும் மரியாதையாக இருப்பேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். "டாக்டர் சொன்னது சரி. நீ வந்திருந்தாலும் அவ பொழச்சிருக்க மாட்டா. அதுக்காக உன்மேல எனக்குக் கோவம் இல்ல."

அவன் தலையாட்டினான்.

"ஆனா நான் உன்னைக் கூப்பிட்டது அவளைக் காப்பாத்தறதுக்கு இல்லப்பா. எனக்கு பயமா இருந்துச்சு. அதுக்குத்தான் கூப்பிட்டேன். மூணு தடவயும்."

இத்தனை வருடமாக நான் அழாத அழுகை அப்போது வந்தது. அவன் என்னைத் தொட வரவில்லை. தொட்டிருந்தால் விட்டிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு 'தனியாக' என்ற கட்டத்தில் அவனே குறியிட்டான். நான் தடுக்கவில்லை.